பல்கலைக்கழகக் கிளஸ்டரில் கணக்குக் கிடைத்துவிட்டது, எங்கிருந்து தொடங்குவது?

நிலாவெளி மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 2020 டிசெம்பர் 2 இரவு எங்கள் பக்கம் கரையேறிய புரெவிப் புயலை டபிள்யூஆர்எஃப் வானிலை மொடலில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் முதுமாணி ஆய்வு. இணை மேற்பார்வையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய பல்கலைக்கழகக் கிளஸ்டரில் (பல இயந்திரங்களைச் சேர்த்துக் கட்டிய கணினித் தொகுதி) எனக்கும் ஒரு கணக்கு எடுத்துத் தந்திருக்கிறார். வந்த மின்னஞ்சலில் ஒரு முகவரி, ஒரு பயனர்பெயர், ஒரு கையேடு. கையேட்டில் லொகின் நோட், பாட்டிஷன், ஸ்கிராச், மொடியூல் என்று எல்லாம் இருக்கிறது. தனித்தனியாக வாசித்தால் விளங்குகிறது. எதை முதலில் செய்வது என்றுதான் பிடிபடவில்லை.

என்னிடம் இருப்பது 8 ஜிபி விண்டோஸ் லாப்டொப். லினக்ஸில் கோப்புறைக்குள் போய் வரவும் கோப்பை நகலெடுக்கவும் தெரியும், அவ்வளவுதான். இங்கே மழை பிடித்தால் இணைப்பு விழுந்து விழுந்து எழும்பும்.

எனக்குள்ள கேள்விகள்: 256 கோர் (சிப்பில் உள்ள கணிப்பு அலகு) கேட்டால் தருவார்களா? நடுவில் இணைப்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருப்பது நின்றுவிடுமா? முடிந்த பிறகு அந்தப் பெரிய கோப்புகளை எப்படி நிலாவெளிக்குக் கொண்டுவருவது?

உப்புவெளிக்காரன் எழுதியது:

தங்கச்சி, முதலில் கிளஸ்டர் உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். 27 கிலோமீற்றருக்கு ஒரு கணக்குப் புள்ளி விழும் கட்டத்தில் வங்காள விரிகுடாவின் தென்மேற்கு மூலையை மட்டும் எடுத்து மூன்று நாள் ஓட்டுவதென்றால், விண்டோஸுக்குள் லினக்ஸைப் போட்டு லாப்டொப்பிலேயே ஓட்டலாம். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்போது முடிந்திருக்கும். கிளஸ்டர் என்றதும் ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள். அங்குள்ள ஒரு கோர் உங்கள் லாப்டொப்பின் ஒரு கோரை விட மெதுவாகக்கூட இருக்கலாம்.

கொட்டியாரம் எழுதியது:

உப்புவெளிக்காரன் சொன்ன கடைசி வரி சரிதான். சேர்வர் சிப்பில் கோர்கள் நிறைய இருக்கும், ஒவ்வொன்றின் வேகம் குறைவாக இருக்கும். புரோகிராம் ஒரே ஒரு கோரில்தான் ஓடும் என்றால் கிளஸ்டருக்குக் கொண்டுபோனாலும் அது வேகமாகாது.

ஆனால் 27 கிலோமீற்றர் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. புரெவி சின்னப் புயல். அந்தக் கட்டத்தில் திருகோணமலைக்கும் குச்சவெளிக்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளிதான் விழும். மழைப் பட்டைகளையும் கரையேறிய இடத்தையும் பார்க்க வேண்டுமென்றால் 9 கிலோமீற்றராவது வேண்டும். அதற்கான கணக்கைப் பாருங்கள்: கட்டத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் அதே பரப்பில் புள்ளிகள் 9 மடங்காகும். மொடல் ஒரு தரத்தில் முன்னேறும் நேர அடியும் சுருங்கும். டபிள்யூஆர்எஃபில் வழக்கமான கணக்கு கிலோமீற்றருக்கு 6 செக்கன்; 27 கிலோமீற்றருக்கு 162 செக்கன், 9 கிலோமீற்றருக்கு 54 செக்கன். ஆக மொத்த வேலை 27 மடங்கு. லாப்டொப்பில் எட்டு மணித்தியால ஓட்டம் ஒன்பது நாளாகும். அதையே 3 கிலோமீற்றருக்குக் கொண்டுபோனால் 729 மடங்கு. அதனால்தான் அந்த அளவுக்குப் போகிறவர்கள் முழுப் பரப்பையும் நுணுக்காமல், கரையோரத்துக்கு மட்டும் உள்ளே ஒரு சின்னக் கட்டம் வைப்பார்கள். அதோடு ஆய்வென்று வந்தால் ஒரு ஓட்டம் போதாது. மொடல் மழையைக் கணக்கிடும் திட்டத்தை மாற்றி, மேகத்தைக் கணக்கிடும் திட்டத்தை மாற்றி அதே புயலைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.

தங்கச்சி, உங்கள் இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இணைப்பு அறுந்தால் ஒன்றும் நிற்காது.

நீங்கள் எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள இயந்திரத்துக்குள் நுழையும் வழி) மூலம் போய் இறங்குவது லொகின் நோட் என்ற வாசல் இயந்திரத்தில். அங்கே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள்: இத்தனை கோர், இவ்வளவு மெமரி, இத்தனை மணித்தியாலம் வேண்டும், ஓட்ட வேண்டியது இது. எஸ்பாட்ச் கட்டளையால் அதை ஸ்லர்ம் என்ற மென்பொருளிடம் ஒப்படைக்கிறீர்கள். அது அந்த வேலைக்கு, அதாவது ஜொப்புக்கு, ஓர் இலக்கம் தந்து கியூவில் போடும். உள்ளே இருக்கிற கணிப்பு நோட் (கணக்குப் போடும் இயந்திரம்) ஒன்றில் இடம் வந்ததும் ஓட்டும். திரையில் வர வேண்டியதெல்லாம் ஒரு கோப்பில் எழுதப்படும். அந்த நேரம் உங்கள் லாப்டொப் மூடியிருக்கலாம், நிலாவெளி முழுக்கக் கரண்ட் இல்லாமலும் இருக்கலாம். அடுத்த நாள் வந்து கோப்பைத் திறந்து பார்த்தால் போதும்.

என்னைக் கேட்டால் எங்கள் ஊர் மாதிரி இணைப்புள்ளவர்களுக்குத்தான் கிளஸ்டர் மிகப் பொருத்தம். அதை முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய கொம்பியூட்டர் என்று நினைத்தால்தான் தொல்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற இடம் என்று பழகிவிட்டால் ஒரு நாளைக்கு அரை மணித்தியால இணைப்பே தாராளம்.

டபிள்யூஆர்எஃபை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விண்டோஸ் 10 இல் 2018 தொடக்கம் எஸ்எஸ்எச் உள்ளேயே வருகிறது, தனியாக எதுவும் நிறுவத் தேவையில்லை. உள்ளே போய், ஒரு கோர், ஐந்து நிமிடம் கேட்டு, ஹோஸ்ட்நேம் என்ற ஒற்றைக் கட்டளையை மட்டும் ஓட்டுகிற ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதுங்கள். எஸ்பாட்சில் கொடுங்கள். கியூவைக் காட்டும் எஸ்கியூ கட்டளையை அடித்துப் பாருங்கள். ‘பிடி’ என்றால் காத்திருக்கிறது, ‘ஆர்’ என்றால் ஓடுகிறது. முடிந்ததும் ஸ்லர்ம் என்று தொடங்கும் ஒரு கோப்பு இருக்கும். அதற்குள் லொகின் நோட்டின் பெயர் இல்லாமல் வேறொரு இயந்திரத்தின் பெயர் இருந்தால் கிளஸ்டரை இயக்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், எழுத்துக்கூட்டலைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய அட்மின் எழுதியது:

கொட்டியாரம் சொன்னதோடு சிலதைச் சேர்க்கிறேன். பல்கலைக்கழகக் கணினிப் பிரிவில் இருந்தவன் என்பதால் மறுபக்கத்தில் இருந்து பேசுகிறேன்.

லொகின் நோட்டில் கனமான எதையும் ஓட்டாதீர்கள். அந்த ஒரே இயந்திரத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து கோப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் அங்கே மொடலை ஓட்டினால் மற்ற எல்லாருக்கும் எழுத்து அடித்து இரண்டு செக்கன் கழித்துத்தான் திரையில் தெரியும். பல இடங்களில் அப்படி ஓடுவதைத் தானாகக் கொன்றுவிடும் ஏற்பாடு இருக்கிறது. வீஎஸ் கோடை எஸ்எஸ்எச் வழியாக இணைப்பதும் அங்கே ஒரு சேர்வரை ஓட்டும். அனுமதி உண்டா என்று கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

விண்டோஸில் ஸ்கிரிப்டை நோட்பாடில் எழுதி ஏற்றினால் முதல் நாளே எஸ்பாட்ச் திருப்பி அனுப்பக்கூடும். வரி முடிவுகள் டொஸ் பாணியில் இருக்கின்றன என்று ஒரு பிழைச்செய்தி வரும். பயப்படத் தேவையில்லை, டொஸ்டுயுனிக்ஸ் என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால் சரியாகிவிடும். இல்லையென்றால் கிளஸ்டரிலேயே நனோ எடிட்டரில் எழுதப் பழகுங்கள்.

கடவுச்சொல்லை விட எஸ்எஸ்எச் திறவுகோல் நல்லது. அதற்கும் ஒரு கடவுத்தொடர் போடுங்கள். தனித் திறவுகோலை லாப் கொம்பியூட்டரில் வைக்க வேண்டாம், ஆருக்கும் அனுப்பவும் வேண்டாம், மேற்பார்வையாளர் கேட்டாலும். ஒரே கணக்கை நாலு பேர் பாவிப்பது எங்கள் பக்கம் சாதாரணம். வெளியில் அதற்காகவே கணக்கை மூடுவார்கள்.

ஸூடோ என்ற நிர்வாகி அதிகாரம் உங்களுக்குக் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். மென்பொருள் எல்லாம் மொடியூலாக, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும்படி, இருக்கும். மொடியூல் அவெயில் அடித்தால் பட்டியல் வரும். டபிள்யூஆர்எஃப் ஏற்கெனவே இருந்தால் அதையே எடுங்கள், நீங்களாகக் கொம்பைல் பண்ணுவது தனி யுத்தம். எந்த மொடியூலை ஏற்றினாலும் அந்த வரியை ஸ்கிரிப்டுக்குள் பதிப்போடு எழுதுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு எந்தப் பதிப்பில் ஓட்டினேன் என்று தேட வேண்டி வராது.

நிலாவெளி மாணவி எழுதியது:

கொட்டியாரம் அண்ணா, அட்மின் சேர், மிக்க நன்றி. ஹோஸ்ட்நேம் ஜொப் ஓடிவிட்டது! சேர் சொன்ன டொஸ் பிழையும் அப்படியே வந்தது, இரண்டு நிமிடத்தில் சரிசெய்தேன்.

டபிள்யூஆர்எஃப் மொடியூலாகவே இருக்கிறது. என்னுடைய கட்டம் 150க்கு 150 புள்ளிகள், 9 கிலோமீற்றர். இப்போது 256 கோர் கேட்கலாமா? நோட்டுகளின் நிலையைக் காட்டும் எஸ்இன்ஃபோவில் பார்த்தால் நோட்டுகள் நிறைய இருக்கின்றன.

கொட்டியாரம் எழுதியது:

கேட்கலாம், தரவும் தருவார்கள், ஆனால் வீண்.

டபிள்யூஆர்எஃப் உங்கள் கட்டத்தைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு கோருக்கும் ஒரு துண்டு கொடுக்கும். ஒவ்வொரு நேர அடியிலும் பக்கத்துத் துண்டுகள் தங்கள் விளிம்பு மதிப்புகளைப் பரிமாற வேண்டும். துண்டு மிகச் சின்னதானால் கணக்குப் போடும் நேரத்தை விடப் பரிமாறும் நேரம் கூடிவிடும். டபிள்யூஆர்எஃப் பயனர்களுக்குச் சொல்லப்படுகிற அண்ணளவுக் கணக்கு இது: ஒவ்வொரு பக்கத்தின் புள்ளிகளையும் 25 ஆல் வகுத்து இரண்டையும் பெருக்கினால் வருவது கூடிய பட்சக் கோர்கள். உங்களுக்கு 150ஐ 25 ஆல் வகுத்தால் 6, ஆறாறு 36. அதற்கு மேல் போகத் தேவையில்லை. 256 கேட்டால் 36 கேட்டதை விட மெதுவாக ஓடவும் கூடும், பிழையோடு நிற்கவும் கூடும்.

பொதுவாகவே கோரை இரட்டித்தால் வேகம் இரட்டிக்காது. 1967 இல் ஜீன் அம்டால் காட்டிய கணக்கு இன்றைக்கும் அதேதான். புரோகிராமில் 5 சதவீதம் பிரிக்க முடியாத பகுதியென்றால் எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. 32 கோரில் ஏறத்தாழ 12.5 மடங்கு, 64 கோரில் 15.4 மடங்கு. இரண்டு மடங்கு செலவழித்து வாங்கியது அந்த மூன்றுதான்.

ஆகவே முதலில் மொடல் நேரத்தில் மூன்று மணித்தியாலத்தை மட்டும் 9, 18, 36 கோர்களில் ஓட்டிப் பாருங்கள். எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதி வைத்துக்கொண்டு, முழு ஓட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அதிலிருந்து கணக்கிடுங்கள். ஜொப் முடிந்ததும் செஃப் கட்டளையோடு ஜொப் இலக்கத்தைக் கொடுத்தால், கேட்ட மெமரியில் எத்தனை சதவீதம் பாவித்தீர்கள், கோர்கள் எவ்வளவு நேரம் சும்மா இருந்தன என்று காட்டும். எல்லாக் கிளஸ்டரிலும் செஃப் இருக்காது, இல்லாவிட்டால் எஸ்அக்ட் கட்டளையில் பாருங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்ட நேரம் முடிந்தால் ஸ்லர்ம் ஜொப்பை நிறுத்திவிடும், 95 சதவீதம் முடிந்ததென்று பாவம் பார்க்காது. அதற்காக நாலு மணித்தியால வேலைக்கு மூன்று நாள் கேட்கவும் வேண்டாம். ஸ்லர்ம் பெரிய ஜொப் ஒன்றுக்கு இடம் சேர்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெரியதைத் தாமதிக்காமல் முடிந்துபோகக்கூடிய சின்ன ஜொப்புகளை இடையில் நுழைத்துவிடும். உங்கள் ஜொப் சின்னது என்று அதற்குத் தெரிவது நீங்கள் எழுதிய நேரத்தை வைத்துத்தான். சோதனை ஓட்டத்தில் வந்த நேரத்தோடு ஒரு கால்வாசியோ மூன்றில் ஒன்றோ கூட்டிக் கேளுங்கள்.

கிண்ணியான் எழுதியது:

கொட்டியாரம் அண்ணன் சொன்னது வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப்போன எங்கள் பழைய பாதைப் படகுதான்! 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கிறதுக்கு முன்னம் லொறிக்கு இடம் வரும்வரை லொறி கரையில் நிற்கும், மோட்டார்சைக்கிள்காரன் இடுக்கில் ஏறிப் போய்விடுவான். லொறிக்காரன் ஏசினாலும் அவனுடைய முறை பிந்தவில்லை.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நான் டெங்கு நோயாளர் தரவை ஆர் மொழியில் பார்க்கிறேன், ஒரே மாதிரியை ஆயிரம் தரம் மீள்மாதிரி எடுத்து ஓட்ட வேண்டும். 16 கோர் கேட்டு ஓட்டினேன், ஒரு கோரில் ஓட்டினதை விடப் பெரிதாக வித்தியாசம் இல்லை. செஃப் 6 சதவீதம் என்று காட்டுகிறது. கிளஸ்டரில் பிழையா?

பழைய அட்மின் எழுதியது:

தம்பி, 100ஐ 16 ஆல் வகுத்தால் 6.25. ஒரு கோர் வேலை செய்தது, மற்றப் பதினைந்தும் பார்த்துக்கொண்டிருந்தன. ஆர் தானாகப் பல கோரில் ஓடாது, பைத்தனும் பெரும்பாலும் அப்படித்தான். ஸ்லர்ம் இடத்தைத்தான் ஒதுக்கித் தரும், வேலையைப் பிரிப்பது உங்கள் புரோகிராமின் பொறுப்பு.

இதைக் கேட்டவுடன் பரலல் பொதியைப் போட்டு, டிடெக்ட்கோர்ஸ் என்று கேட்டு அத்தனையையும் எடுத்துக்கொள்வது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். அந்தக் கட்டளை முழு நோட்டிலும் உள்ள கோர்களைச் சொல்லும், உங்களுக்கு ஒதுக்கியதைச் சொல்லாது. நோட்டில் 64 இருந்து உங்களுக்கு 16 தந்திருந்தால், 64 ஆட்கள் 16 கதிரைக்கு அடிபடுவார்கள். ஸ்லர்ம் தானே ஒதுக்கிய எண்ணிக்கையை ஒரு சூழல் மாறியில் வைத்திருக்கும், அதை வாசியுங்கள்.

உங்கள் வேலைக்கு அதையும் விட நல்ல வழி ஜொப் அரே, ஒரே ஸ்கிரிப்டைப் பல துண்டு ஜொப்பாக ஓட்டுவது. ஆயிரம் ஓட்டமும் ஒன்றையொன்று எதிர்பார்க்கவில்லை. 20 துண்டாக்கி, துண்டுக்கு 50 ஓட்டம் வைத்து, ஒவ்வொன்றும் ஒரு கோர் என்று கொடுங்கள். அரை நிமிட ஓட்டத்தை ஆயிரம் தனி ஜொப்பாகப் போட்டால் அட்மினிடம் இருந்து அன்றைக்கே மின்னஞ்சல் வரும். இன்னொன்று, ஸ்கிரிப்டில் செட்சீட் 123 என்று நிலையாக எழுதியிருந்தால் இருபது துண்டும் ஒரே எழுமாற்று எண்களை எடுத்து இருபது தரம் ஒரே விடையைத் தரும். அரேயின் துண்டு இலக்கத்தையே விதையாகக் கொடுங்கள்.

பவளப்பாறை எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். புறாமலைப் பவளப்பாறைப் படங்களை வகைப்படுத்த ஒரு நரம்பியல் வலையமைப்பைப் பயிற்றுகிறேன். ஜிபியூ (வரைகலைச் சிப்) ஒன்று கேட்டு எடுத்தேன், ஆனால் அது பாதி நேரம் சும்மா இருக்கிறது. படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல், எல்லாம் சின்னச் சின்னக் கோப்புகள், ஸ்கிராச் என்ற பொதுத் தற்காலிக இடத்தில் வைத்திருக்கிறேன்.

கொட்டியாரம் எழுதியது:

விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. லஸ்டர் மாதிரியான பொதுக் கோப்பு அமைப்புகள் பெரிய கோப்புகளுக்கு என்று செய்யப்பட்டவை. ஒவ்வொரு சின்னப் படத்தைத் திறக்கும்போதும் அது எங்கே இருக்கிறது என்று விசாரிக்க ஒரு பயணம். எல்லாப் படத்தையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி வையுங்கள். ஜொப் தொடங்கியதும் அதைக் கணிப்பு நோட்டின் சொந்த வட்டில் விரித்து அங்கிருந்து வாசியுங்கள். ஒரு ஜிபியூவோடு ஒரே ஒரு சிபியூ கோர் மட்டும் கேட்டிருந்தால் அதையும் நாலு, எட்டு என்று கூட்டுங்கள். படத்தைத் திறந்து அளவு மாற்றுவது சிபியூதான், அது பிந்தினால் ஜிபியூ காத்திருக்கும்.

நிலாவெளி மாணவி எழுதியது:

சோதனை ஓட்டம் முடிந்தது. 18 கோருக்கும் 36 கோருக்கும் அண்ணா சொன்ன மாதிரியே இரண்டு மடங்கு வித்தியாசம் வரவில்லை, ஆனாலும் 36 நல்லாகத்தான் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

இனித் தரவு. தொடக்க நிலைத் தரவாக ஈஆர்ஏ5 என்ற கடந்தகால வானிலைத் தரவை எடுக்கப் போகிறேன். இங்கே இறக்கி அங்கே ஏற்ற வேண்டுமா? முழு ஓட்டத்தின் வெளியீடு 40 ஜிபி வரும்போல் இருக்கிறது, அதை எப்படி இறக்குவது?

கொட்டியாரம் எழுதியது:

இரண்டுமே நிலாவெளி வழியாகப் போகத் தேவையில்லை.

ஈஆர்ஏ5ஐக் கொப்பர்னிக்கஸ் காலநிலைத் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாகப் பதிந்து எடுக்கலாம். அதற்கு ஒரு பைத்தன் நிரல் இருக்கிறது. அதைக் கிளஸ்டரிலேயே ஓட்டினால் ஐரோப்பாவில் இருந்து நேரே ஸ்கிராச்சுக்கு வந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: கணிப்பு நோட்டுகளுக்குப் பெரும்பாலும் வெளி இணையம் இருக்காது. தரவு மாற்றத்துக்கென்று தனி நோட் வைத்திருப்பார்கள், அதில் செய்யுங்கள்.

வெளியீட்டுக்கு வருவோம். 40 ஜிபியை 8 மெகாபிட் இணைப்பில் இறக்கினால் ஒரு தரமும் அறாமல் இருந்தாலே பதினொரு மணித்தியாலத்துக்கு மேல். அதற்குள் உங்களுக்கு வேண்டியது என்ன? மழை, 10 மீற்றர் உயரக் காற்று, கடல் மட்ட அழுத்தம், புயல் போன பாதை. சிடிஓ அல்லது என்சிஓ கருவிகளால் அந்த மாறிகளை மட்டும் அங்கேயே பிரித்தெடுங்கள். கடல் மட்ட அழுத்தம் கோப்பில் நேரடியாக இருக்காது, டபிள்யூஆர்எஃப் பைத்தன் பொதியால் கணிக்க வேண்டும். அதையும் ஒரு ஜொப்பாகப் போடலாம். படங்களையும் அங்கேயே வரைந்தால் இங்கே வருவது சில நூறு மெகாபைட்தான். அதை ஆர்சிங் என்ற நகலெடுக்கும் கட்டளையில், பாதியில் நின்றதை வைத்திருக்கும் பார்ஷல் தெரிவோடு இறக்குங்கள். அறுந்தால் அதே கட்டளையைத் திரும்ப அடித்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். வளாகத்துக்குள் லேர்ன் என்ற பல்கலைக்கழக வலையமைப்பு இருந்தால் வீட்டை விட அங்கிருந்து செய்வது நல்லது.

ஹோம், ஸ்கிராச் இரண்டையும் குழப்ப வேண்டாம். ஹோம் சின்னது, பெரும்பாலும் பிரதி எடுத்து வைப்பார்கள். ஸ்கிராச் பெரியது, பிரதி கிடையாது, குறிப்பிட்ட காலம் தொடாமல் இருந்தால் தானாக அழித்துவிடுவார்கள். நேம்லிஸ்டும் (மொடலின் அமைப்புகளை எழுதும் கோப்பு) ஸ்கிரிப்டும் ஹோமில் இருக்கட்டும்.

உப்புவெளிக்காரன் எழுதியது:

27 மடங்குக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன் கொட்டியாரம். ஆனாலும் நேம்லிஸ்டில் பிழை பிடிக்கிற வேலையை லாப்டொப்பில் 27 கிலோமீற்றரில் செய்துவிட்டுப் போகலாம் என்பதை விடமாட்டேன். கியூவில் காத்திருந்து எழுத்துப் பிழை கண்டுபிடிப்பது ஆருக்கு வேண்டும்?

அதோடு எப்போதும் வெளிநாட்டுக்காரனிடம் கணக்குக் கேட்டுக்கொண்டே இருப்பதா? 1994 இல் நாசா கொடார்டில் பேவுல்ஃப் என்ற கிளஸ்டரைக் கட்டியது கடையில் வாங்கக்கூடிய 16 சாதாரண 486 சிப்புகளாலும் 10 மெகாபிட் ஈதர்நெட்டாலும்தான். எங்கள் வளாகங்களில் ஓரம் கட்டிக் கிடக்கும் லாப் கொம்பியூட்டர்களே அதை விட எத்தனையோ மடங்கு பலமானவை. லினக்ஸ் இலவசம், ஸ்லர்மும் இலவசம். சேர்த்துக் கட்டினால் என்ன?

பழைய அட்மின் எழுதியது:

கட்டுங்கள், நானும் வந்து வயர் இழுக்கிறேன். ஆனால் எதற்காக என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

மாணவர்களுக்கு ஸ்லர்ம் பழக்குவதற்கென்றால் இரண்டு பழைய பெட்டியே போதும். புரெவியை ஓட்டுவதற்கென்றால் பேச்சு வேறு. டபிள்யூஆர்எஃப் போன்றவற்றுக்கு நோட்டுகளுக்கு இடையில் தாமதம் குறைந்த வலை வேண்டும். பெரிய கிளஸ்டர்களில் இன்ஃபினிபாண்ட் போடுவது அதற்குத்தான். சாதாரண ஈதர்நெட்டில் பத்துப் பெட்டியை இணைத்தால் பாதி நேரம் ஒன்றையொன்று காத்திருப்பதில் போகும். இன்றைக்கு 32 கோர் உள்ள ஒரே ஒரு பணிநிலையம், பழைய பத்துப் பெட்டியைக் கரண்ட் பில்லிலும் வேகத்திலும் தோற்கடிக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர். கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் உப்புக் காற்று, ஆனி ஆடியில் வெக்கை. ஏசி நின்றால் இயந்திரமும் நிற்க வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், எந்த யூபிஎஸ் அதைத் தாங்கும்? பெட்டி வாங்கக் காசு தருகிறவர்கள் அதை ஐந்து வருடம் பராமரிக்கிற ஆளுக்குச் சம்பளம் தரமாட்டார்கள். கிளஸ்டர் சாவது பெரும்பாலும் அங்கேதான்.

நேம்லிஸ்டை லாப்டொப்பில் சோதிப்பது பற்றி உங்களோடு எனக்கு வழக்கில்லை.

உப்புவெளிக்காரன் எழுதியது:

வயர் இழுக்க வருவதாகச் சொன்னதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன் சேர்.

நிலாவெளி மாணவி எழுதியது:

முழு ஓட்டத்தைக் கொடுத்தேன், 36 கோர், 24 மணித்தியாலம். நேற்றில் இருந்து ‘பிடி’ என்றே நிற்கிறது. காரணம் என்ற இடத்தில் நோட் கிடைக்காது, பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டது என்று காட்டுகிறது. ஆனால் எஸ்இன்ஃபோவில் சும்மா இருக்கிற நோட்டுகள் தெரிகின்றன. பழுதா சேர்?

பழைய அட்மின் எழுதியது:

பழுது இல்லை. நாளைக்கோ மறுநாளோ பராமரிப்புக்காக மூடப் போகிறார்கள், வந்த மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள். அவர்களுடைய நேரத்தில்தான் எழுதியிருப்பார்கள், எங்கள் நேரத்துக்கு மாற்றிப் பார்க்க மறக்க வேண்டாம். இப்போது தொடங்கினால் உங்கள் 24 மணித்தியாலம் அந்த நேரத்துக்குள் போய் முட்டும். அதனால் ஸ்லர்ம் தொடங்காமல் வைத்திருக்கிறது. சோதனை ஓட்டத்தின்படி உண்மையில் எவ்வளவு வேண்டும்?

நிலாவெளி மாணவி எழுதியது:

கணக்குப்படி ஏழு மணித்தியாலம் வரும். பயத்தில் 24 போட்டேன்.

கொட்டியாரம் எழுதியது:

எஸ்கான்சல் பண்ணிவிட்டு ஒன்பது மணித்தியாலத்தோடு திரும்பக் கொடுங்கள், பராமரிப்புக்கு முன்னால் முடிந்துவிடும். கொடுக்கும் முன் நேம்லிஸ்டில் ரீஸ்டார்ட் இன்டர்வலை 360 என்று வையுங்கள். அது நிமிடக் கணக்கு, மொடலுக்குள் ஓடுகிற நேரம். மொடலின் ஒவ்வொரு ஆறு மணித்தியாலத்துக்கும் ஒரு மீள்தொடக்கக் கோப்பு எழுதப்படும். எந்தக் காரணத்துக்காக ஜொப் நின்றாலும் கடைசியாக எழுதியதில் இருந்து தொடரலாம்.

நிலாவெளி மாணவி எழுதியது:

ஒன்பது என்று மாற்றிக் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் ‘ஆர்’ வந்துவிட்டது அண்ணா! இனி எஸ்கியூவைப் பார்த்துக்கொண்டே இருப்பதா?

பழைய அட்மின் எழுதியது:

வேண்டாம் பிள்ளை. செக்கனுக்கொரு தரம் எஸ்கியூ அடிப்பதும் ஸ்லர்முக்குப் பாரம்தான். முடிந்ததும் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்க்கலாம், அடுத்த தரம் செய்யுங்கள்.

நாளைக்குப் பார்க்கும்போது ஸ்லர்ம் ‘கம்ப்ளீட்டட்’ என்று சொன்னாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். புரோகிராம் பிழைக் குறியில்லாமல் வெளியேறியது என்பதுதான் அதன் அர்த்தம். ஓடிய கோப்புறையில் ஆர்எஸ்எல் எரர் என்று தொடங்கி நாலு பூச்சியத்தில் முடியும் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். அதில் ‘சக்சஸ் கம்ப்ளீட் டபிள்யூஆர்எஃப்’ இருக்க வேண்டும். இல்லாமல் சிஎஃப்எல் (நேர அடி கட்டத்துக்குப் பெரிதாகிவிட்டது என்ற எச்சரிக்கை) என்ற சொல் அடிக்கடி தென்பட்டால், 54 செக்கன் நேர அடியை 45 ஆக்கி மீள்தொடக்கக் கோப்பில் இருந்து ஓட்டுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் அங்குள்ள உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். எழுதும்போது ஜொப் இலக்கம், ஸ்கிரிப்ட் இருக்கிற இடம், பிழைச்செய்தியின் எழுத்து மாறாத நகல் மூன்றும் வேண்டும். திரையைத் தொலைபேசியில் படம்பிடித்து அனுப்பினால் முதல் பதிலிலேயே அதைத்தான் திரும்பக் கேட்பார்கள், நேர வித்தியாசத்தில் ஒரு நாள் போய்விடும்.